புதுப்பிப்பு: ஓட்டுக்குள்ளேயே செத்த குஞ்சுகள், காரணம் தெரிந்தது

போன மாதம் கேட்டிருந்தேன், தெர்மாகோல் பெட்டி இன்குபேட்டரில் வைத்த 24 சிறுவிடை (நாட்டுக்கோழி இனம்) முட்டையில் 5 தான் பொரிந்தது, 11 குஞ்சு முழுசாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது என்று. பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

வெப்பம் 37.5 டிகிரியில் சரியாகத்தான் இருந்தது. வேலை செய்தது, ஈரப்பதமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் உப்புச் சோதனை. பாட்டில் மூடியில் ஈர உப்பைப் போட்டு, ஈரப்பதமானியோடு காற்றுப் புகாத டப்பாவில் இரவு முழுக்க வைத்தேன். 75 சதவீதம் காட்ட வேண்டும், என்னுடையது 62 காட்டியது! அதாவது 55 என்று நம்பி 68-இல் வைத்திருக்கிறேன், முட்டையில் நீர் வற்றவேயில்லை, காற்றறை (முட்டைக்குள் காற்று இருக்கும் இடம்) சின்னதாகவே நின்றுவிட்டது.

இந்தத் தடவை மானியில் 37 காட்டும்படி வைத்தேன் (உண்மையில் 50). ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து 3 கூமுட்டையை எடுத்துவிட்டேன். 18-ஆம் நாள் பார்த்தபோது காற்றறை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இருந்தது. அன்றோடு உருட்டுவதை நிறுத்தி, ஈரத்துணி வைத்து நிஜ ஈரப்பதத்தை 68-க்கு ஏற்றி மூடியவன், அப்புறம் திறக்கவே இல்லை, கை அரித்தது வேறு விஷயம். மீதி 21-இல் 18 பொரிந்தது.

எதிர்பாராதது: குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் பல்பு போட்ட புரூடர் பெட்டி தேவைப்படவில்லை. அடைக்கு உட்கார்ந்திருந்த கோழி ஒன்றின் அடியில் ராத்திரி 10 குஞ்சைத் தள்ளிவிட்டேன், காலையில் பக்கத்தில் போனாலே கொத்த வருகிறது. மிச்சம் 8-ஐ இன்று இரவு விடுகிறேன். குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் கண்ணில் லசோட்டா (வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து) சொட்டு.