டெக்ஸ்சர் மேப்பிங்: ‘மேனியொற்றல்’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினியில் கட்டிய முப்பரிமாண உருவத்தின் மேல் படத்தைப் பொருத்தி நிறமும் தோற்றமும் தருவதுதான் டெக்ஸ்சர் மேப்பிங். ‘ரியலிஸ்டிக் டெக்ஸ்சர் மேப்பிங்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் இந்த விவாத இழையின் கேள்வி. இதுவரை வந்த பரிந்துரைகளில் மூன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: இழைமப் படமிடல், பரப்புப் பூச்சு, தோல் போர்த்தல். மதுரைப் பக்கத்துக் கல்வெட்டுகளையும் மண்டபங்களையும் முப்பரிமாணத்தில் பதிவு செய்கிறவர்கள் நாளைக்கு வாயால் சொல்லிப் புழங்க வேண்டிய சொல் இது. அந்த வேலையில் வைத்துப் பார்த்தால்தான் எது நிற்கும் என்று தெரியும்.

வேலை இதுதான். ஒரு பாறையை வரிசையாகப் படமெடுக்கிறோம். ஒரு படத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் வர வேண்டும். கணினி எல்லாப் படங்களிலும் ஒரே புள்ளியைத் தேடிப் பிடித்து, கேமரா எங்கெங்கே நின்றது என்று கணக்குப் போட்டு, பாறையின் வடிவத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகக் கட்டுகிறது. வெறும் சாம்பல் நிற மொட்டை உருவம் கிடைக்கிறது. அப்புறம் அந்த முக்கோணங்களைத் தட்டையாக விரித்து, ஒவ்வொரு முனைக்கும் யு, வி என்று இரண்டு எண் கொடுத்து, படத்தின் எந்தப் புள்ளி வடிவத்தின் எந்த இடத்தில் போய் உட்கார வேண்டும் என்று குறிக்கிறோம். 1974-ல் எட்வின் கேட்மல் யூட்டா பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேட்டில் காட்டிய உத்தி. இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

‘இழைமம்’ சொன்ன ஐயாவின் வாதம், மூலச் சொல்லின் வேரே நெசவு என்பது. சரிதான். ஆனால் யானைமலைப் பாறையில் இழை ஏது? தவிர, இலங்கைப் பாடநூல்களில் இழையம் என்றால் உயிரியலில் வரும் திசு. ஓர் எழுத்து வித்தியாசத்தில் இரண்டு கலைச்சொல் வேண்டாம்.

‘தோல் போர்த்தல்’ அசைபட (அனிமேஷன்) வேலைக்காரர்களிடம் சிக்கும். எலும்புச் சட்டத்தோடு உருவத்தைப் பிணைக்கும் வேலைக்கு அவர்கள் ஏற்கெனவே தோல் என்ற பொருளுள்ள ‘ஸ்கின்னிங்’ என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

‘பூச்சு’தான் எனக்கு உண்மையிலேயே உறுத்துகிறது. திருமலை நாயக்கர் மகாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1636-ல் எழுந்த கட்டடம், செங்கல்லும் சுண்ணாம்பும். அங்கே பூச்சு என்றால் தூணின் மேல் வழுவழுவென்று தீட்டிய சுண்ணாம்புப் பூச்சு. அதைப் பதிவு செய்கிறவர் ‘பூச்சின் பூச்சு’ என்று எழுத வேண்டிவரும். இதைவிடப் பெரிய சிக்கல் பொருளில் இருக்கிறது. விளையாட்டுக்கு உருவம் செய்கிறவர் ஒரு கருங்கல் படத்தை எடுத்துச் சுவர் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒட்டலாம், தப்பே இல்லை. மரபுச் சின்னத்தில் அப்படிச் செய்தால் அது பொய்ச் சாட்சி. அந்த இடத்தின் படம் அந்த இடத்தில்தான் போய் உட்கார வேண்டும். வெளியிலிருந்து எதையோ கொண்டுவந்து தடவுகிற பொருள் தரும் எந்தச் சொல்லும் இங்கே ஆகாது.

நம்மிடம் இதற்கு நெருங்கிய வேலை ஒன்று இருக்கிறது: மைப்படி எடுத்தல். ஈரத்தாளைக் கல்வெட்டின் மேல் விரித்து, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி செய்து, பிறகு மையை ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். பள்ளம் வெள்ளையாக நிற்கும், மேடு கறுக்கும். கல்லும் தாளும் இடத்துக்கு இடம் பொருந்துவதுதான் மைப்படியின் நம்பகத்தன்மை. டெக்ஸ்சர் மேப்பிங்கிலும் அதே பொருத்தம்தான், திசைதான் வேறு; இங்கே படம் வடிவத்தின் மேல் போய் ஒற்றுகிறது. எனவே வினை ‘ஒற்றுதல்’. பெயர் ‘மேனி’. கருமேனி, பொன்மேனி என்று சொல்லும்போது நிறம், மினுமினுப்பு, மேற்பரப்பு எல்லாம் சேர்ந்தே வருகின்றன. டெக்ஸ்சர் என்பதும் அதுதானே. இரண்டையும் சேர்த்தால் மேனியொற்றல்.

வடிவம் வேறு, மேனி வேறு என்று பிரித்துச் சொல்ல இந்தச் சொல் உதவுகிறது என்பதே நான் இதைப் பிடித்துக்கொண்டிருக்கக் காரணம். மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களுக்கு 2009 கும்பாபிஷேகத்தின்போது வண்ணம் புதுப்பித்தார்கள். சுதைச் சிற்பங்களின் வடிவம் ஏறக்குறைய அதேதான், மேனி புதிது. ஆக, மேனிக்குத் தேதி உண்டு. கோப்பில் அந்தத் தேதியை எழுதாவிட்டால் அந்தப் பதிவு அரைகுறைதான். அதே கோயிலில் 2018 பிப்ரவரி 2 இரவு வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்தது. தூண்களின் நீள அகலத்தை அளவை வரைபடங்களிலிருந்து மீட்டுவிடலாம். எண்ணெய்ப் பிசுக்கேறிய கல்லின் கறுப்பும், காலங்காலமாகக் கை பட்டு வழுவழுத்த இடமும் முன்னரே எடுத்த படங்களில் இருந்தால்தான் உண்டு. மணல் வீச்சில் கல்லைச் ‘சுத்தம்’ செய்கிற திருப்பணிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

‘ரியலிஸ்டிக்’ என்ற அடைக்கு நீண்ட சொல் எதுவும் தேவையில்லை. ‘உள்ளபடி’ போதும். ஆனால் உள்ளபடி என்றால் என்ன என்பதில் கறாராக இருக்க வேண்டும். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் மாங்குளம் கல்வெட்டை, தமிழி என்ற பழைய எழுத்தில் வெட்டியதை, வைத்துப் பாருங்கள். 4 மீட்டருக்கு 4 மீட்டர் பாறை முகத்தை 4096-க்கு 4096 பிக்சல் படத்தில் அடக்கினால் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். எழுத்தின் வெட்டு 5 மில்லிமீட்டர் அகலம் என்றால் அதற்குக் கிடைப்பது ஐந்தே பிக்சல். மேலோட்டமாகப் பார்க்கப் போதும். எழுத்தைப் படிக்கப் போதாது. வெயிலில் எடுத்தால் இன்னொரு கெடுதல்: வெட்டின் நிழல் மேனியில் நிறமாகவே ஒட்டிக்கொள்ளும். பிறகு கணினியில் விளக்கை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அந்த நிழல் அசையாது. மேகமூட்டத்திலோ நிழலிலோ, நிறத்தைச் சரிபார்க்கப் பக்கத்தில் வண்ண அட்டை வைத்து எடுக்க வேண்டும். மேடுபள்ளம் தனிப் படமாக வர வேண்டும்.

இனி, வந்த மறுப்புகள். ‘ஒற்றி’ என்றால் மதுரையில் வீட்டை ஒத்திக்கு விடுவதுதானே நினைவுக்கு வரும் என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். வரும். ஆனால் அது பெயர்ச்சொல். ‘கண்ணில் ஒற்றிக்கொண்டார்’ என்று படித்தால் யாரும் அடமானத்தை நினைப்பதில்லை. ‘திருமேனி’ பற்றிய மறுப்பு இதைவிட வலுவானது. ஐம்பொன் திருமேனியைப் பதிவு செய்யும்போது ‘திருமேனியின் மேனி’ என்று வரும், கொஞ்சம் இடறும். அந்த ஓர் இடத்தில் ‘மேனிப்படம்’ என்று முழுதாக எழுதிவிடலாம். அதற்காகச் சொல்லையே கைவிட வேண்டியதில்லை.

மற்றவை தானாக வருகின்றன. ஒட்டுகிற படம் மேனிப்படம். யு-வி விரிப்பு மேனி விரித்தல். அந்தப் படத்தின் ஒரு புள்ளியான டெக்செல் மேனிப்புள்ளி. வெட்டிய ஓரங்கள் சேரும் கோடு தையல். மேடுபள்ளத்தைக் குறிக்கும் பம்ப் மேப் மேடுபள்ளப் படம். மெஷ் (முக்கோணங்களால் ஆன வலை), பிக்சல் இரண்டும் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். அவற்றை வேறு இழையில் பார்ப்போம்.

மேற்பரப்பு இடத்துக்கு இடம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று குறிக்கும் நார்மல் மேப்புக்கு மட்டும் முடிவு சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கணக்குப் பாடத்தில் நார்மலுக்குச் செங்கோடு என்கிறோம்; அந்த வழியில் ‘செங்கோட்டுப் படம்’ வரும். கேட்பவர்கள் செங்கோட்டையின் படம் என்று நினைத்துக்கொள்வார்களோ? கணக்கு ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள்.