எஸ்சிட்டலோபிராம் எடுத்ததில் ஆசை குறைந்துவிட்டது, நிறுத்தலாமா?

கேள்வி (மடிவாளா, பெங்களூரு):
பதற்றத்துக்கு எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. எடுக்கிறேன். பதற்றம் அடங்கிவிட்டது. ஆனால் உடலுறவில் நாட்டம் இல்லை, விந்து வெளியேறவும் ரொம்ப நேரமாகிறது. மாத்திரையை நிறுத்தலாமா? டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பதில் 1:
நீங்களா நிறுத்தாதீங்க தம்பி. திடீர்னு விட்டா தலைசுற்றல், தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி உணர்வு, எரிச்சல் வரும்; பழைய பதற்றமும் திரும்பலாம். இது இந்த வகை மருந்துகளில் சகஜமான பக்கவிளைவு, உங்க குறை இல்லை.

எது முதலில் வந்ததுன்னு யோசிங்க. மாத்திரைக்கு முன்னாடியே ஆசை குறைஞ்சிருந்தா, மனச்சோர்வே காரணமா இருக்கலாம். காலையில் விறைப்பு வருது, தனியா இருக்கும்போது எல்லாம் சரி, துணையோடு மட்டும் சிக்கல்னா பெரும்பாலும் 'முடியுமோ முடியாதோ'ங்கிற பயம்தான். ரெண்டு நேரத்திலும் தாமதம்னா மருந்தைச் சந்தேகப்படலாம்.

டாக்டர் அளவைக் குறைக்கலாம், மிர்டாசபின், பியூப்ரோபியான் மாதிரி வேற மனநல மருந்துக்கு மாத்தலாம். வலிப்பு வந்தவங்களுக்குப் பியூப்ரோபியான் கூடாது. சிலருக்குப் பதற்றத்தையும் கூட்டும். கடையில் நீங்களே சில்டெனாஃபில் வாங்காதீங்க. அது விறைப்புக்குத்தான், ஆசையைத் தராது. நைட்ரேட் இதய மருந்தோடு சேர்ந்தா ரத்த அழுத்தம் ஆபத்தா இறங்கும்.

பதில் 2:
பெண்களுக்கும் இதே மருந்தில் வறட்சி, உச்சம் எட்டாமை வரும். அவங்ககிட்ட யாரும் கேட்கிறதே இல்லைங்கிறதுதான் வருத்தம். ஒருமுறை வலிச்சா, அடுத்த முறை பயத்திலேயே தசை இறுகும், வலி கூடும். தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட் போடுங்க. ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, ஆணுறையின் லேட்டக்ஸ் ரப்பர் கிழியும். தைராய்டு, சர்க்கரை, புரோலாக்டின் (ஒரு ஹார்மோன்) பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்க. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனையைக் காலையில் எடுத்தாத்தான் அளவு சரியா தெரியும்.

பதில் 3:
வாயால சொல்ல வரலைன்னா சீட்டில் எழுதிக் கொடுங்க: மருந்து, அளவு, எப்போ ஆரம்பிச்சது, ஆசையா விறைப்பா தாமதமா, மது உண்டா. நாலு வரி போதும். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி ரகசியம் காப்பது டாக்டரோட கடமை. ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் பார்க்கலாம். பேச மட்டும்னா அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416, எந்த நேரமும், தமிழிலும். சுவரொட்டி 'ஆண்மை' லேகியம் வேண்டவே வேண்டாம். உள்ளே என்ன கலந்திருக்குன்னு தெரியாது.

கேட்டவர்:
நன்றி. சனி, ஞாயிறு மட்டும் மாத்திரையை விடலாமா?

பதில் 1:
வேண்டாம். ரெண்டு நாளில் மருந்து உடம்பை விட்டு முழுசா போகாது, தலைசுற்றல்தான் மிச்சமாகும். அடுத்த சந்திப்பு தள்ளியிருந்தா போன் பண்ணி முன்னாடியே தேதி கேளுங்க. தற்கொலை எண்ணம் வந்தா தேதிக்குக் காத்திருக்காம அன்னைக்கே போங்க.