டெஸ்பேட்ச்: அனுப்புகையா, பகிர்வா, ஏவலா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மின்கொள்முதல் ஒப்பந்தங்களில் வரும் ‘டெஸ்பேட்ச்’ (மின் நிலையத்திடம், இப்போது இவ்வளவு தா என்று கட்டுப்பாட்டு மையம் சொல்வது) என்ற சொல்லுக்குத் தமிழில் ‘அனுப்புகை’, ‘பகிர்வு’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இரண்டும் சரிவராது என்று நினைக்கிறேன். இது ஒண்டியாக நிற்கிற சொல் இல்லை, பக்கத்தில் இருக்கும் நாலைந்து சொற்களையும் இழுத்துக்கொண்டு வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அனல்மின் நிலையம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் 22 ஆண்டுகள் ஷிப்ட் பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு மின்கட்டணம் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் எழுந்து, “ஓடாத யூனிட்டுக்கு நாங்க எதுக்குய்யா பணம் கட்டணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி, பதிலும் உண்டு. ஆனால் பதில் சொன்னவர் ‘உற்பத்தித் திறன்’, ‘உற்பத்தி’, ‘திட்டமிட்ட உற்பத்தி’ என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக் குழப்பிவிட்டார். கேட்டவர் களைத்துப்போய் உட்கார்ந்தார். அவர் கையில் கொடுக்க அன்றைக்கு நம்மிடம் சொல் இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். 500 மெகாவாட் அலகு ஒன்று, விசைத்தறிக்காரர் ‘யூனிட்’ என்று சொன்ன மின்னாக்கும் இயந்திரம். தன் சொந்தத் தேவைக்குப் போக 450 மெகாவாட் வெளியே தர முடியும் என்று முந்தின நாளே அறிவிக்கிறது. வாங்கும் மாநிலங்கள் தத்தம் பங்கிலிருந்து எவ்வளவு வேண்டும் என்று கேட்கின்றன. கேட்டதையெல்லாம் கூட்டினால் 300 மெகாவாட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நாளைக்கான ஷெட்யூலாகிறது. நம் நாட்டில் ஒரு நாளை 15 நிமிடக் கூறுகளாக, மொத்தம் 96 கூறுகளாக வெட்டியிருக்கிறார்கள், ஒவ்வொரு கூறுக்கும் தனி எண். மறுநாள் குறிப்பிட்ட ஒரு கூறில் அலகு 300-க்குப் பதில் 310 மெகாவாட் தந்துவிடுகிறது. இப்போது பணம் எதற்கு?

மூன்றுக்கும் தனித்தனியாக. அறிவித்த 450-க்கு ஒரு கட்டணம், அது தயாராக நின்றதற்கு. ஷெட்யூலான 300-க்கு, அதாவது அந்தக் கால் மணி நேரத்தின் 75,000 யூனிட் மின்சாரத்துக்கு, எரிபொருள் கட்டணம். கூடுதலாகத் தள்ளிய 2,500 யூனிட்டுக்கு ‘விலகல்’ என்று வேறொரு கணக்கு. உண்மையில் ஓடிய 310-ஐ வைத்து வாங்குபவர் எரிபொருள் கட்டணம் தருவதில்லை, ஷெட்யூலை வைத்துத்தான் தருகிறார். வெளியில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

தென்மண்டலத்தில் இந்த ஏற்பாடு 2003 ஜனவரியில் வந்தது. அதற்கு முன் 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய மின்தொகுப்பின் (கிரிட்) அலைவெண் 48 பக்கம் தள்ளாடிக்கொண்டிருந்த காலத்தையும் பார்த்திருக்கிறேன். தயாராக இருப்பதற்கும், வாக்குக் கொடுப்பதற்கும், உண்மையில் தருவதற்கும் தனித்தனி விலை வைத்ததும் தள்ளாட்டம் வெகுவாக அடங்கியது. ஆகவே இந்த மூன்றையும் தமிழில் தனித்தனியாகச் சொல்ல முடிந்தாக வேண்டும்.

சரி, ஷெட்யூலிலிருந்து தொடங்குகிறேன். ‘அட்டவணை’ என்று பலரும் எழுதுகிறார்கள். ஒப்பந்தத்தை வரி வரியாக மொழிபெயர்க்க உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்க்கும் இணைப்புகளுக்கும் அட்டவணை என்றுதான் பெயர். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை நம் எல்லோருக்கும் தெரியும். “அட்டவணை 3-இல் கண்டபடி அட்டவணையைத் திருத்தலாம்” என்று எழுதினால் வழக்கறிஞர்களுக்குக் கொண்டாட்டம். ‘நிரல்’ கணினிக்காரர்களிடம் போய்விட்டது, அதைத் திருப்பிக் கேட்க முடியாது.

நம் பாசனத்தில் இதற்கு ஒரு சொல் சும்மா கிடக்கிறது. தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் அணையிலிருந்து ‘முறைவைத்து’ நீர் விடுவார்கள். இத்தனை நாள் இந்த வாய்க்காலுக்கு, அடுத்த இத்தனை நாள் அந்த வாய்க்காலுக்கு என்று. காவிரிப் படுகையிலும் வைகைப் பக்கத்திலும் எந்த விவசாயியிடமும் இதை விளக்க வேண்டியதில்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை முன்கூட்டியே உறுதி செய்வது. ஷெட்யூலிங்கும் அதேதான். ஆகவே ‘முறைவைப்பு’. ‘முறைவைத்த மின்சாரம்’, ‘முறைவைப்பைத் திருத்துதல்’ என்று வினையாகவும் பெயராகவும் நீளும். 2014-இல் விலகல் கணக்கு வரும் முன்பு புழங்கிய ‘அன்ஷெட்யூல்டு இன்டர்சேஞ்ச்’ என்ற பழைய சொல்லைக்கூட ‘முறைவையாப் பரிமாற்றம்’ என்று சிரமமில்லாமல் சொல்லிவிடலாம். ஒரே எச்சரிக்கை, இதை ‘முறைப்பாடு’ என்று சுருக்கிவிடக் கூடாது. இலங்கையில் முறைப்பாடு என்றால் புகார். இங்கேயும் முறையிடுவது என்றால் அதுதான் பொருள்.

காலக்கூறை ‘நாழிகை’ என்று சொல்லலாமே என்று ஒரு யோசனை வந்தது. எனக்கும் ஆசைதான். ஆனால் நாழிகை 24 நிமிடம், நாளுக்கு 60. பொருள் உறுதியாக இருக்கும் ஒரு சொல்லை எடுத்து 15 நிமிடத்துக்கு வெட்டுவது நியாயமில்லை. பிரிட்டனில் அரை மணிக்கு ஒரு கணக்கு, ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபரிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. எண் எதையும் உள்ளே வைக்காத ‘காலக்கூறு’ எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

தயாராக நிற்பதற்குத் தரும் கட்டணத்தைச் செய்திகளில் ‘நிலைக் கட்டணம்’ என்கிறார்கள். அந்தப் பெயரில் தொழிற்கூடங்களின் மின்கட்டண ரசீதிலேயே வேறொன்று இருக்கிறது. அந்த விசைத்தறிக்காரர் அதையும் இதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டதில் அவர் தவறு எதுவும் இல்லை. ‘ஆயத்தக் கட்டணம்’ என்று சொல்லியிருந்தால் பாதிப் பதில் அந்தச் சொல்லிலேயே கிடைத்திருக்கும். அலகு ஓடவில்லை, ஆனால் கூப்பிட்டால் ஓட ஆயத்தமாக நின்றது, அதற்கான பணம். நின்றதா என்று கேட்கும் உரிமையும் அந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது. மத்திய அரசு நிலையங்களுக்கு 85 விழுக்காடு ஆயத்தம் இருந்தால்தான் இந்தக் கட்டணம் முழுதாகக் கிடைக்கும் என்பதே பொது அளவு. ‘அணியம்’ என்று சொல்ல விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆயத்தம் கேட்டவுடன் புரிகிறது.

இனி டெஸ்பேட்ச்.

‘அனுப்புகை’ என்றதும் தபால் பிரிவு நினைவுக்கு வருகிறது. மின்சாரத்தை யாரும் யாருக்கும் பார்சல் போல அனுப்புவதில்லை. நெய்வேலியில் உற்பத்தியாகும் மின்சாரம் இன்ன ஊருக்குத்தான் போகும் என்று சொல்ல முடியாது, திறந்திருக்கும் பாதையெல்லாம் பாயும். ‘பகிர்வு’ இதைவிடச் சிக்கல். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மின்சாரம் கொண்டு சேர்ப்பதற்குப் பகிர்மானம் என்ற பெயர் ஊன்றிவிட்டது. கட்டணமும் உரிமமும் தனித்தனியாக இருக்கும் இரண்டு வேலைகளுக்கு ஒரே வேர்ச்சொல் வேண்டாம்.

கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பார்த்தால் டெஸ்பேட்ச் என்பது ஒரு தொலைபேசி அழைப்பு. சென்னையில் இருக்கும் மாநிலக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து குரல் வரும். “எண்பது மெகாவாட் இறக்குங்க.” நாங்கள் இறக்குவோம். இப்போது திரையில் எண் மாறுகிறது, ஆனால் நடப்பது அதேதான். முறைவைப்பு நேற்றே கொடுத்த வாக்கு, டெஸ்பேட்ச் இன்றைக்கு இந்த நொடியில் வரும் கட்டளை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் இந்த இரண்டையும் அடுத்தடுத்துத்தான் வைக்கிறது. மாநில மையம் மாநிலத்துக்குள் இவை இரண்டையும் ஒப்பந்தங்களின்படி உகந்த வகையில் செய்ய வேண்டும் என்பது 32-ஆம் பிரிவு. அந்த மையத்தின் சொல்லுக்கு நிலையங்கள் கட்டுப்பட வேண்டும் என்பது 33-ஆம் பிரிவு. கட்டுப்படுவது என்று வந்துவிட்ட பிறகு அனுப்புவதும் பகிர்வதும் எங்கே வருகின்றன?

எனவே ‘ஏவல்’. நட, வா, போ, ஓடு என்று ஏவல் வினையைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். எதிரே நிற்பவரிடம் இப்போதே செய் என்று சொல்வது. டெஸ்பேட்சின் இலக்கணம் அதுவேதான்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வந்தன. ஏவலாள் என்பதில் இருக்கும் அடிமை வாடை ஒன்று. ஏவல், பில்லி, சூனியம் என்ற தொடர் இன்னொன்று. இரண்டாவதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ‘ஏவல் மையம்’ என்று பலகை வைக்க முடியாதுதான். ஆனால் ‘மின்’னைச் சேர்த்துப் பாருங்கள், ‘மின்னேவல்’. சேர்ந்ததும் பழைய நிழல் போய்விடுகிறது. ஏவுகணை, ஏவுதளம் என்று கேட்கும்போது நமக்கு மாந்திரீகம் நினைவுக்கு வருவதில்லையே. மின்னேவல் மையம், மின்னேவல் ஆணை. ‘பணிப்பு’ என்ற மாற்று நல்ல சொல்தான். ஆனால் இலங்கையில் பணிப்பாளர் என்றால் இயக்குநர், அங்குள்ளவர்கள் இதை வேறாகப் படிப்பார்கள். ‘இயக்காணை’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். புணர்ச்சி சரிதான், ஆனால் காதில் ‘இயக்கா’ என்ற எதிர்மறை விழுகிறது. இறக்கு என்றும் ஏற்று என்றும் ஆணை பறக்கும் இடத்தில் அது ஆபத்து.

ஏவலில் இன்னொரு நன்மை. ‘ஏவலுக்கு அடங்கும் மின்சாரம்’, ‘அடங்காத மின்சாரம்’ என்று இயல்பாகப் பிரிக்கலாம். காடம்பாறையின் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் சில நிமிடங்களில் ஏவலுக்கு ஆடும். முப்பந்தல் காற்று யாருடைய ஏவலையும் கேட்காது.

காற்று என்றதும் ‘மஸ்ட் ரன்’ பற்றிச் சொல்லியாக வேண்டும். இதைக் ‘கட்டாய இயக்கம்’ என்று எழுதுவது பெரிய தவறு. காற்றாலையைக் கட்டாயப்படுத்தி யாரும் ஓட்ட முடியாது. கட்டாயம் மின்தொகுப்பின் மேல்தான் இருக்கிறது. காற்றும் வெயிலும் தந்தால் அதை வாங்கிக்கொள்ள வேண்டும், விலையைக் காட்டி ஒதுக்கக் கூடாது. ‘கட்டாய ஏற்பு’ என்றால் கடமை யாருடையது என்று தெரிந்துவிடும். அதேபோல் ‘மெரிட் ஆர்டர்’ என்பதைத் ‘தகுதி வரிசை’ என்கிறார்கள். அந்த வரிசையில் தகுதி எதுவும் பார்ப்பதில்லை, எரிபொருள் செலவு குறைந்த நிலையம் முன்னால், கூடியது பின்னால். ‘மலிவு வரிசை’ போதும்.

அலகைப் ‘பேக் டவுன்’ செய்வதற்கு, அதாவது அதன் உற்பத்தியைக் குறைப்பதற்கு, ‘தணிப்பு’ என்று சொல்லலாம். அடுப்பைத் தணிப்பது போலத்தான், அணைப்பதில்லை. நிலக்கரி அலகைத் தணிக்கவும் ஓர் எல்லை உண்டு. மத்திய நிலையங்களுக்கு அது 55 விழுக்காடு, 500 மெகாவாட் அலகுக்கு 275. அதற்குக் கீழே போனால் உலையில் தீ நிலையாக நிற்க எண்ணெய் ஊற்ற வேண்டிவரலாம். இதற்கு ‘வெட்டு’ என்ற சொல்லைத் தொடக் கூடாது. மின்வெட்டு என்றால் நம் வீட்டில் விளக்கு அணைவது.

‘கேட் குளோஷர்’ எளிது. வாயிலும் இல்லை, மூடலும் இல்லை. அந்த நேரத்துக்குப் பிறகு முறைவைப்பைத் திருத்த முடியாது, அவ்வளவுதான். ‘திருத்தக் கெடு’. 2020 ஜூன் முதல் அரை மணிக்கொரு ஏலம் நடக்கும் உடனடிச் சந்தை வந்துவிட்டதால் இந்தச் சொல்லின் தேவையும் கூடியிருக்கிறது.

‘யூனிட் கமிட்மென்ட்’தான் எனக்கு இன்னும் வசப்படவில்லை. எந்தெந்த அலகை நாளைக்குத் தொகுப்போடு இணைத்து வைப்பது, எதை அணைத்து வைப்பது என்ற முடிவு அது. குளிர்ந்த உலையைச் சூடேற்றிக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும் என்பதால் முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஏர் பூட்டுவதை நினைத்து ‘அலகு பூட்டல்’ என்று எழுதிப் பார்த்தேன், சாவி போட்டுப் பூட்டியது போல நேர்மாறாகக் கேட்டது. ‘அலகுத் தெரிவு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். நல்ல சொல் கிடைத்தால் சொல்லுங்கள்.

இந்தச் சொற்களையெல்லாம் ஓர் ஒப்பந்தப் பத்தியில் போட்டுப் பார்த்தேன்:

“விற்பவர் மறுநாளின் ஒவ்வொரு காலக்கூறுக்கும் தம் ஆயத்தத்தை அறிவிக்க வேண்டும். வாங்குபவர் அதற்குள் அடங்கும் அளவைக் கேட்பார். கேட்ட அளவே முறைவைப்பாகும். திருத்தக் கெடுவுக்குப் பின் அதை இரு தரப்பும் மாற்ற இயலாது. ஆயினும் மின்தொகுப்பின் பாதுகாப்புக்காக மின்னேவல் மையம் இடும் ஆணையை, தணிப்பு எல்லைக்கு உட்பட்டு, விற்பவர் உடனே நிறைவேற்ற வேண்டும். ஏவலால் நேர்ந்த மாற்றம் விலகலாகக் கொள்ளப்படாது.”

கடைசி வரியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். ‘பகிர்வால் நேர்ந்த மாற்றம்’, ‘அனுப்புகையால் நேர்ந்த மாற்றம்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். யார் சொல்லி மாறியது, பணத்தை யார் தர வேண்டும் என்பது ‘ஏவல்’ இருக்கும்போது மட்டும்தான் எனக்குப் பிடிபடுகிறது. ஒப்பந்தச் சட்டம் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தயங்காமல் காட்டுங்கள்.