பாடிக்கொண்டே ஆட வேண்டும்: மியூசிக்கலில் என் அனுபவம்

லண்டனில் ஓர் அமெச்சூர் நாடகக் குழு ‘ஓக்லஹோமா!’ என்ற மியூசிக்கலை (பாட்டும் ஆட்டமுமாகக் கதை சொல்லும் நாடகம்) போட்டபோது நடன இயக்குநருக்கு உதவியாக இருந்தேன். சின்ன வயதிலிருந்து பரதம் கற்றவள் நான். எங்கள் மேடையில் பாடுபவர் ஓரமாக உட்கார்ந்து பாடுவார், ஆடுபவருக்கு ஆட்டம் மட்டும்தான். (பரதக் கலைஞர் பாலசரஸ்வதி தானே பாடி அபிநயம் பிடித்தவர். ஆனால் அது நிதானமாக அபிநயிக்கும் பதத்தில், வேகமாக ஆடும் ஜதியில் அல்ல.) மியூசிக்கலில் துள்ளிக் குதிக்கிற ஆளேதான் பாடவும் வேண்டும்.

அதனால் நடன இயக்குநர் ஸ்டெப்பில் ஆரம்பிக்கவே இல்லை. பாடுபவர்கள் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று பாட்டுத் தாளில் பென்சிலால் கோடு போட்டார். நீட்டிப் பாடும் இடத்தில் வெறும் நடை, ஒரு கையசைவு. குரல் நின்று வாத்தியம் மட்டும் ஒலிக்கும் எட்டு எண்ணிக்கையில்தான் தாவலும் சுழலும். கோரஸில் பாதிப் பேர் பாட மீதிப் பேர் ஆடுவார்கள், அடுத்த வரியில் மாறிக்கொள்வார்கள். பார்ப்பவர்களுக்கு மேடை முழுக்க ஆடுவதாகவே தெரியும். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பெரிய விவாதம் நடந்தது கனவுக் காட்சியில். முதல் பாகத்தின் முடிவில் கதாநாயகி லாரி காணும் கனவு அது. காதலன் கர்லி மேல் ஆசை, பண்ணையாள் ஜட் மேல் பயம், இரண்டையும் நடனம்தான் சொல்கிறது. 1943இல் நியூயார்க்கில் இதை அமைத்த ஆக்னஸ் டி மில், கனவில் மட்டும் லாரிக்கும் கர்லிக்கும் பதிலாக நடனக் கலைஞர்களை ஆடவைத்தார். 1998இல் லண்டன் நேஷனல் தியேட்டருக்காக சூசன் ஸ்ட்ரோமன் அமைத்தபோது ஜோசஃபீனா காப்ரியேலும் ஹியூ ஜாக்மனும் தாங்களே ஆடினார்கள். அதே பெண் ஆடினால்தான் அந்தப் பயம் அவளுடையதாகத் தெரியும் என்று வாதாடினேன். இன்றும் என் கருத்து அதுதான். ஆனால் எங்கள் லாரிக்குக் குரல்தான் பலம். சரி, கனவுக்கு வேறொரு பெண் என்று முடிவானது.

ஜட் நுழையும் இடத்துக்கு மட்டும் நான் ஒரு யோசனை சொன்னேன். பரதத்தில் கை போகும் வழியே கண் போகும். இங்கே அதை மாற்றிப் பார்க்கலாமே, கண் மட்டும் ஜட் பக்கம் திரும்பட்டும், கை விறைத்தபடி நிற்கட்டும் என்றேன். நடன இயக்குநர் உடனே ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு காட்சியிலும் அந்த இடத்தில் அரங்கம் அடங்கிவிடும்.

பரதம் தெரிந்தவர்கள் யாராவது மியூசிக்கல் ஆடிஷனுக்குப் போவதாக இருந்தால், மெதுவாக ஓடிக்கொண்டே ஒரு முழுப் பாட்டையும் பாடிப் பழகிவிட்டுப் போங்கள். அடவு (அடிப்படை அசைவு) சுத்தம் ஏற்கனவே கைவசம் இருக்கும், முதலில் தடுமாறுவது மூச்சுதான்.