எம்ஜி ஏ 1500: மெக்கானிக் ஐசுசு இன்ஜின் போடச் சொல்கிறார், போடலாமா?

காக்ஸ்டவுன் மருமகள்

வணக்கம். மாமனார் காலமான பிறகு, பெங்களூர் காக்ஸ்டவுன் வீட்டு ஷெட்டில் நின்ற அவருடைய எம்ஜி ஏ 1500 எங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. 1957 மாடல் பிரிட்டிஷ் கார், இரண்டு பேர் உட்காரும் திறந்த வண்டி. சிக்மகளூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடம் வாங்கினாராம். ஓடிப் பல வருடம் ஆகிறது. நல்ல வேளை, ஷெட் ஒழுகவில்லை. எலி மட்டும் சீட்டைக் காலி பண்ணியிருக்கிறது.

இந்த வண்டியின் கதவைத் திறக்கவே எனக்குத் தெரியவில்லை. வெளியே கைப்பிடி கிடையாது. உள்ளே கையை விட்டு ஒரு கயிற்றை இழுக்க வேண்டும் என்று கணவர்தான் காட்டிக் கொடுத்தார். என் அறிவு அந்த அளவில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். இன்ஜின் ஜாம், கார்புரேட்டர் இரண்டும் போச்சு, ஸ்பேர் எங்கேயும் கிடைக்காது என்கிறார். அம்பாசடரில் வந்த ஐசுசு 1800 இன்ஜினும் ஐந்து கியர் பாக்ஸும் அவரிடம் செகண்ட் ஹேண்டில் இருக்கிறதாம். அதைப் போட்டால் தினமும் ஆபீசுக்கே எடுத்துப் போகலாமாம். கணவர் பாதி சம்மதித்துவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் எதிர்த்துப் பேச விஷயம் தெரியாது. பழைய ஆர்.சி. புத்தகம் கையில் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் ரோடு பையன்

அக்கா, மெக்கானிக் சொல்வதில் தப்பே இல்லை. எங்கள் சித்தப்பாவின் அம்பாசடரில் அதே ஐசுசுதான். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட், தொல்லை கிடையாது. ஷெட்டில் நிறுத்திப் பொட்டு வைத்துக் கும்பிடுவதற்கா வண்டி? வெளித்தோற்றம் எம்ஜி, உள்ளே நம்பகமான இன்ஜின், அவ்வளவுதானே வேண்டும். சில்க் போர்டு சிக்னலில் ரேடியேட்டர் கொதித்து நின்றால் அப்போது தெரியும் ஒரிஜினலின் அருமை!

அல்சூர் ஃபிட்டர்

அம்மா, அவசரப்பட்டு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். நான் கோலார் தங்க வயல் மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவன். 2001இல் மைன்ஸை மூடின பிறகு பெங்களூர் வந்து, பழைய வண்டிகளோடுதான் பிழைப்பு.

முதலில் தம்பிக்கு ஒரு கணக்கு. அம்பாசடரில் வந்த ஐசுசு ஏறக்குறைய 75 குதிரைத்திறன். எம்ஜி ஏ 1500 தொழிற்சாலையிலிருந்து வந்தபோதே 72. இந்த மூன்று குதிரைக்காக இன்ஜின் மவுன்ட், கியர்பாக்ஸ் டன்னல், ப்ரொபெல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர் எல்லாவற்றையும் வெட்டி ஒட்ட வேண்டும். சேஸிஸில் ஒரு தடவை கேஸ் கட்டர் பட்டுவிட்டால் அதைப் பழையபடி ஆக்க யாராலும் முடியாது. கொதிக்கிறது என்றால் ரேடியேட்டரைத் திறந்து ராட் விட்டுச் சுத்தம் பண்ணு, பிளாக்கின் பின்பக்கம் தேங்கியிருக்கும் சேற்றை எடு. அதற்கு இன்ஜினையே மாற்றுவார்களா?

ஸ்பேர் கிடைக்காது என்ற பேச்சைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறெந்த ஊரில் அப்படிச் சொன்னாலும் சரி, நம் ஊரில் சொல்லலாமா? எம்ஜி ஏ 1500 இல் இருப்பது பிஎம்சி பி சீரிஸ் 1489 சிசி இன்ஜின். நம் அம்பாசடர் ஐசுசுவுக்கு முன்னால் காலகாலமாக ஓடியதும் அதே பி சீரிஸ் 1489 தான். போர் 73 மில்லி, ஸ்ட்ரோக் 89 மில்லி. உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014இல் அம்பாசடரை நிறுத்திவிட்டார்கள், வாஸ்தவம். ஆனாலும் ஜே.சி. ரோட்டுச் சந்துக்குள் பழைய கடைகளில் கேட்டால் பேரிங், கேஸ்கெட், டைமிங் செயின் இன்னும் தூசு தட்டி எடுத்துக் கொடுக்கிறார்கள். கேட்கும்போது எம்ஜி என்று வாயைத் திறக்காதீர்கள், விலை ஏறிவிடும். அம்பாசடர் பழைய இன்ஜின் என்றே கேளுங்கள். பழைய சாமானைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து அளந்து வாங்குங்கள்.

பிஸ்டன் மட்டும் கவனம். அளவு ஒன்றுதான், ஆனால் அம்பாசடருக்குக் கம்ப்ரெஷன் குறைவு. எம்ஜிக்கு 8.3. அம்பாசடர் பிஸ்டன் போட்டாலும் வண்டி ஓடும், இழுவை மட்டும் சோம்பலாக இருக்கும்.

இப்போது ஜாம் விஷயம். செல்ஃப் அடித்துப் பார்த்துச் சொன்னாரா, கையால் சுற்றிப் பார்த்தாரா? பல வருடம் நின்ற வண்டியில் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்வது சகஜம். நாலு பிளக்கையும் கழற்றி, டீசலும் ஏடிஎஃப் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். இந்த வண்டியில் முன்பக்கம் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் விட வழி இருக்கிறது, டூல் பையில் ஹேண்டில் இருந்தாலும் இருக்கும். நியூட்ரலில் போட்டு மெதுவாக விட்டு விட்டு அழுத்திப் பாருங்கள். பலம் காட்டக் கூடாது. பிளக்கைப் போடாமலே சுற்றுங்கள், இல்லையென்றால் உள்ளே நிற்கும் டீசல் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். அப்புறம் சம்ப் ஆயிலைக் கொட்டிவிட்டுப் புதிது.

ஸ்டார்ட் பண்ணுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் பிரேக். இதில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர்தான், உள்ளே இரண்டு குழல். உள்ளே துரு கிண்டியிருந்தால் பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பிடித்து ஸ்லீவ் போட்டுக்கொள்ளலாம். ரப்பர் ஹோஸ்களை யோசிக்காமல் தூக்கி எறியுங்கள். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். பேட்டரி எப்படி இருக்கிறது? இந்த வண்டியில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு 6 வோல்ட் பேட்டரி இருக்கும், பாசிட்டிவ்தான் பாடி எர்த். அடுத்து, இன்ஜின் பிளாக்கில் ரிவிட் அடித்த தகட்டில் நம்பர் என்ன? 15ஜிபி என்று ஆரம்பித்தால் எம்ஜியோடு பிறந்த இன்ஜின். ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்.

காக்ஸ்டவுன் மருமகள்

ஐயா, ரொம்ப நன்றி. ஹேண்டில் சீட்டுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி இருந்தது! நீங்கள் சொன்னபடியே ஊற்றி, ஒரு வாரம் கழித்து நேற்று என் கணவர் சுற்றினார். முதலில் அசையவே இல்லை. விட்டு விட்டு அழுத்த, திடீரென்று ஒரு நெளிவு நெளிந்து சுற்ற ஆரம்பித்தது. பிளக் ஓட்டையிலிருந்து கறுப்பாகப் பீய்ச்சி அவர் சட்டை போச்சு. ஆனால் மனுஷருக்கு இப்போது ஐசுசு ஞாபகமே இல்லை.

பேட்டரி 6 வோல்ட் இரண்டும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் பெரிய 12 வோல்ட் ஒன்று இருக்கிறது, மைனஸ்தான் பாடியில் போல்ட் அடித்திருக்கிறது.

இன்ஜின் நம்பர்தான் இடிக்கிறது. ஆர்.சி. முதல் பக்கத்தில் 15ஜிபி என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆனால் பிளாக்கில் இருக்கும் தகடு வேறு. புத்தகத்தைப் புரட்டினால் பின்பக்கம் 1974 தேதி போட்ட ரப்பர் ஸ்டாம்ப், இன்ஜின் மாற்றியதாகக் கையெழுத்து, பக்கத்தில் இந்தப் புது நம்பர். அப்படியானால் இது ஏற்கெனவே அம்பாசடர் இன்ஜினா? ஒரிஜினல் இல்லை என்றால், இவ்வளவு பாடுபடுவதில் அர்த்தம் இருக்கிறதா?

ஆர்.டி.ஓ. அலைச்சல்

மேடம், அந்த ஸ்டாம்ப் பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள், நாலு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். முறைப்படி பதிவான இன்ஜின் மாற்றம் என்பது பெரிய பலம். பல பேரிடம் வண்டி ஒரு நம்பர், புத்தகம் ஒரு நம்பர்.

முதல் வேலை, பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு படிவம் 31 இல் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டியது, தாண்டியிருந்தால் அபராதத்தோடு முடித்துவிடுங்கள்.

அடுத்து, 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதி. 50 வருடம் தாண்டிய வண்டி, மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிந்தால் நம்பரில் விஏ எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். விண்டேஜில் பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் ரோட்டில் இறக்கலாம், அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. ஞாயிறு காலை தேவனஹள்ளி பக்கம் ஒரு சுற்று போக வேண்டும் என்ற ஆசை இருந்தால், பழைய பதிவை எஃப்.சி. எடுத்துப் புதுப்பிப்பது உத்தமம். ஐசுசு போட்டால் விண்டேஜ் பக்கம் போகவே முடியாது.

ஓசூர் ரோடு பையன்

சரி சரி, ஐசுசுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். அம்பாசடர் இன்ஜினே போட்டிருக்கிறார்கள் என்றால், அதுவும் கலப்படம்தானே? அதற்கு மட்டும் ஏன் சலுகை?

அல்சூர் ஃபிட்டர்

தம்பி, இது அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்ட கதை. தையலை மாற்றவில்லை, கிழிக்கவில்லை. 1974இல் எம்ஜி பிளாக் வெடித்திருந்தாலோ கிராங்க் போயிருந்தாலோ இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வழியா இருந்தது? அதே குடும்பத்து இன்ஜினைப் போட்டுப் புத்தகத்திலும் ஏற்றியிருக்கிறார் அந்த மனுஷர். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கு எங்கேயாவது 15ஜிபி இன்ஜின் ஒன்று கிடைத்தால் சேஸிஸைத் தொடாமல் அப்படியே இறக்கலாம். அதுதான் வித்தியாசம்.

அம்மா, கார்புரேட்டர் இரண்டும் போச்சு என்றாரே, அது எஸ்யூ எச்4. அவ்வளவு லேசில் போகாது. மேலே மணி மாதிரி இருக்கும் மூடியைக் கழற்றினால் உள்ளே பிஸ்டன். பழைய பெட்ரோல் காய்ந்து கோந்தாகி ஒட்டியிருக்கும். தின்னரில் துடையுங்கள், எமரி பேப்பர் பக்கத்திலேயே போகக் கூடாது. இந்த மூடியும் அந்தப் பிஸ்டனும் ஜோடி, முன் கார்புரேட்டரின் பிஸ்டனைப் பின்னதில் போட்டால் சரிப்படாது. துடைத்து மாட்டிய பிறகு பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள், டக் என்று கேட்க வேண்டும். சத்தமில்லாமல் இறங்கினால் எங்கோ உரசுகிறது. மேலே டேம்பரில் 20 நம்பர் ஆயில் போதும்.

இன்ஜின் ஓடி நன்றாகச் சூடான பிறகு டியூனிங். ஒரு ரப்பர் ட்யூபை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இரண்டு கார்புரேட்டர் வாயிலும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். உஸ் சத்தம் இரண்டிலும் ஒன்றாக வரும் வரை த்ராட்டில் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். அப்புறம் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் பிஸ்டனை ஒரு மயிரளவு, மில்லி கூட இல்லை, தூக்குங்கள். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். தடுமாறி அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் கச்சிதம். இந்த ஒரு வேலைக்காகவே எனக்குப் பழைய வண்டி பிடிக்கும், கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிறவனுக்கு இந்தச் சுகம் வராது.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதில் ஆக்சிஜன் கூட இருப்பதால் மிக்சர் லீனாகும், அதாவது பெட்ரோல் பங்கு குறையும். கார்புரேட்டர் அடியில் இருக்கும் ஜெட் நட்டை ஒன்றிரண்டு பட்டை அளவு திருப்பிக் கீழே இறக்க வேண்டி வரும். பழைய ரப்பர் ட்யூப் எல்லாம் கரைந்து பிசுபிசுவென்று ஆகிவிடும். ஜே30 ஆர்9 என்று அச்சடித்த ஹோஸ் வாங்குங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் டேங்க் நிறையப் பெட்ரோல் வைக்காதீர்கள், எத்தனால் தண்ணீரை இழுத்து டேங்க் அடியில் துருவைக் கிளப்பும்.

பேட்டரிக் கடையில் யாரோ பழக்க தோஷத்தில் மைனஸை எர்த் பண்ணியிருக்கிறார்கள். முறைப்படி மாற்றினதா, சும்மா தலைகீழாக மாட்டினதா என்று பார்க்க வேண்டும். நான் திரும்பப் பாசிட்டிவ் எர்த்துக்கே கொண்டுபோவேன். எப்படி மாட்டினாலும் டைனமோவுக்குத் திசை சொல்லிக் கொடுக்க வேண்டும்: டைனமோவின் வயர் இரண்டையும் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரால் டைனமோவின் எஃப் டெர்மினலை ஒரு நொடி தொட்டு எடுப்பது. பொறி பறக்கும், பயப்பட வேண்டாம். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் பாயின்ட், கண்டென்சர் பற்றிக் கவலையே வேண்டாம், சென்னை பாடியில் லூக்காஸ் டிவிஎஸ் கம்பெனி அம்பாசடருக்குச் செய்தது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பழையதைக் காட்டி ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.

பெயின்டர் வந்தால் ஒன்று சொல்லிவையுங்கள். கதவு, பானட், டிக்கி மூடி மூன்றின் மேல்தகடும் அலுமினியம். காந்தம் ஒட்டாததைப் பார்த்துவிட்டு, உள்ளே முழுக்கப் புட்டி என்று சுரண்ட ஆரம்பித்துவிடுவான்.

இன்னொன்று, மெக்கானிக்கின் மில்லிமீட்டர் ஸ்பேனரை வண்டிப் பக்கம் விடாதீர்கள். இதில் எல்லாம் இன்ச் அளவு. அரை இன்ச் என்றால் 12.7 மில்லி, 13 ஸ்பேனர் போட்டு இரண்டு தடவை திருப்பினால் போல்ட் தலை உருண்டையாகிவிடும். 9/16 க்கு 14 நுழையாது, 15 ஆடும். என்னிடம் மைன்ஸ் காலத்து இன்ச் செட் இருக்கிறது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தால் சௌகரியப்படுமா? அந்த மெக்கானிக்கையும் வரச் சொல்லுங்கள், கோபம் வேண்டாம். பிரேக் ஹோஸ் மட்டும் இப்போதே ஆர்டர் போட்டுவிடுங்கள், இங்கிலாந்திலிருந்து வர நாள் பிடிக்கும்.

காக்ஸ்டவுன் மருமகள்

வாருங்கள் ஐயா, மதியம் சாப்பாடு நம் வீட்டில்தான். மெக்கானிக்கிடம் பேசிவிட்டேன், வருகிறேன் என்றார். ஐசுசுவை இன்னும் பத்தாயிரம் குறைத்துத் தருகிறாராம்.