இடது முன் சாக்கிளில் புஷ் ஏறவில்லை: பழைய மகிந்திரா ஜீப் பிக்கப்

மண்டபத்துப் பிக்கப்:

அனைவருக்கும் வணக்கம். வண்டி மகிந்திரா சிஜே-3பி, 1974. எங்கள் அப்பா வாங்கும்போதே பின்பக்கத்தை வெட்டிப் பிக்கப் தொட்டி கட்டியிருந்தார்கள். தனுஷ்கோடிக்குச் சாலை வருவதற்கு முன்பு மணலில் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டி அது. இப்போது பாம்பன் கரையிலிருந்து மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றுகிறேன். பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் எங்கெங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எனக்கும் வேலை குறைவு. அந்த 61 நாளுக்குள் முன்பக்கத்தை முழுதாகப் பிரித்துக் கட்டிவிடலாம் என்று இறங்கினேன். ஸ்பிரிங் பட்டைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பட்டையைச் சேசிஸோடு இணைக்கும் யு வடிவச் சாக்கிளின் மரை புஷ்கள் ஸ்பானருக்கு அசையவே இல்லை, கேஸ் வைத்து வெட்டித்தான் எடுத்தேன். பட்டைகளை ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றி வாங்கினேன். சாக்கிள், புஷ், ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் யு போல்ட், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னுக்குப் பேரிங் எல்லாம் மதுரையில் வாங்கிய புதுச் சரக்கு.

வலது பக்கம் அரை நாளில் முடிந்துவிட்டது. இடது பக்கத்தில் மேல் புஷ் ஒழுங்காக ஏறிவிட்டது. கீழே, பட்டையின் நுனி வளையமான கண்ணில் போட வேண்டிய புஷ் மட்டும் ஒரு சுற்றுக்கூடப் பிடிக்க மாட்டேன் என்கிறது. மரையைப் பிரஷ் போட்டுத் துடைத்தேன், எண்ணெய் விட்டேன், இரண்டு புஷ் மாற்றிப் பார்த்தேன். சாக்கிளின் மரை தவறாக வெட்டப்பட்டிருக்கிறது, வெல்டிங் வைத்து நிரப்பிப் புதிதாக வெட்டித் தருகிறேன் என்கிறார் இங்கே ஒருவர். கொடுக்கலாமா?

கீழக்கரை லேத்:

கொடுக்காதீர்கள். வெல்டிங் கம்பியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

அந்தச் சாக்கிளைக் கையில் எடுத்துக் கீழ்க் காலைத் தடவிப் பாருங்கள். பரு போல ஒரு சிறு புடைப்பு இருக்கிறதா? அடுத்து, நீங்கள் வாங்கிய புஷ்களில் ஒன்றின் அறுகோணத் தலையைச் சுற்றி ஒரு கோடு வெட்டியிருக்கிறதா?

மண்டபத்துப் பிக்கப்:

இருக்கிறது, இரண்டுமே இருக்கிறது! புடைப்பை வார்ப்புக் குறை என்று நினைத்து அரத்தால் தேய்த்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கோடு விழுந்த புஷ்ஷை, பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்று வாங்கி வந்தேன்.

கீழக்கரை லேத்:

கடைக்காரரிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அது இடது மரை. புடைப்பு உள்ள கால் இடது மரைக் கால், கோடு போட்ட புஷ் அதற்கான ஜோடி. நீங்கள் ஒதுக்கி வைத்ததை எடுத்து இடது பக்கமாகத் திருப்புங்கள், வெண்ணெய் போல ஏறும். பழையதைக் கேஸ் வைத்து வெட்டியதால் அது எந்தப் பக்கம் கழன்றது என்று பார்க்க உங்களுக்கு வாய்ப்பில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலரும் கெடுக்கிறார்கள். ஒரு புஷ்ஷை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததைத் தொடக் கூடாது. சாக்கிளைச் சேசிஸோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மேல் புஷ்ஷைப் பாதி ஏற்றுங்கள். பிறகு கீழ் புஷ் பாதி. அப்புறம் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் கொண்டுபோக வேண்டும். மேல் புஷ்ஷின் தலை சேசிஸ் பிராக்கெட்டில் ஒட்டி உட்காரலாம். கீழ் புஷ்ஷின் தலைக்கும் பட்டைக் கண்ணுக்கும் இடையில் முப்பத்திரண்டில் ஓர் அங்குலம், அதாவது 0.8 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். பழைய இரும்பறுக்கும் பிளேடு ஒன்று தாராளமாக நுழையும். அந்த இடைவெளி இல்லையென்றால் சாக்கிள் ஆடாது, பட்டை இருந்தும் இல்லாத மாதிரிதான். கிரீஸ் அடித்துவிட்டுக் கையால் அசைத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கழற்றி மறுபடியும் மரை பிடிக்க வையுங்கள்.

தொண்டி உப்புக்காற்று:

பட்டைகளுக்குப் பழைய என்ஜின் ஆயிலைப் பூசிவிடுங்கள். எங்கள் பக்கம் எல்லா மீன் வண்டிக்கும் அதுதான் வைத்தியம்.

பழைய இரும்பு:

மன்னிக்கவும், அந்த வைத்தியத்தில் எனக்கு உடன்பாடில்லை. உப்புக்கு ஆயில் நல்லதுதான். ஆனால் நம் கரையில் உப்போடு மணலும் பறக்கிறது. ஆயிலில் மணல் ஒட்டினால் அது வால்வு தேய்க்கும் பசை மாதிரி ஆகிவிடும், ஒவ்வொரு குலுக்கலுக்கும் பட்டையைத் தின்னும். பிரித்திருக்கும்போதே பட்டைகளுக்கு இடையில் கிராஃபைட் கிரீஸ் வையுங்கள், வெளியே பெயிண்ட் அடியுங்கள், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நல்ல தண்ணீர் கிடைக்கும் ஊரா என்று கேட்காதீர்கள், நானும் இந்த மாவட்டத்துக்காரன்தான்.

தொண்டி உப்புக்காற்று:

ஐயா சொல்வது சரியாக இருக்கலாம். என் வண்டியில் பட்டை மாற்றி ஒன்பது வருடமாகிறது, இன்னும் முறியவில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

மண்டபத்துப் பிக்கப்:

புஷ் ஏறிவிட்டது, லேத் அண்ணனுக்கு நன்றி. முன்பக்கம் முழுதும் கட்டி முடித்து நேற்று ஓட்டிப் பார்த்தேன். ஆனால் இப்போது பிரச்சினை வேறு.

பிரிப்பதற்கு முன்பு ஸ்டியரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருந்தது, வண்டி சாலையில் அலைந்தது. கிங் பின் பேரிங் மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இப்போது முன்னைவிட மோசம். பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறி 45 வேகத்தில் போகும்போது ஓர் இணைப்பில் சக்கரம் தட்டியது. அவ்வளவுதான், முன் சக்கரங்கள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. ஸ்டியரிங் என் கட்டைவிரலை ஒரு வாங்கு வாங்கியது. பின்னால் பஸ், பக்கத்தில் கைப்பிடிச் சுவர், கீழே கடல். வேகம் 15-க்கு இறங்கிய பிறகுதான் நின்றது. திருப்பிவிட்டால் ஸ்டியரிங் தானாக நேராக வருவதும் இல்லை.

ஷாக் அப்சார்பர் மாற்றினால் தீருமா? இல்லை, ஸ்டியரிங்குக்கு என்று தனியாக ஒரு டேம்பர் விற்கிறார்களாமே?

பழைய இரும்பு:

தம்பி, முதலில் அந்தப் பாலத்தில் வண்டியை ஓட்டுவதை நிறுத்துங்கள். டேம்பர் போட்டால் நடுக்கம் மறைந்து நிற்கும், நோய் உள்ளேயே இருக்கும். ராணுவப் பட்டறையில் 22 வருடம் இந்த ஜீப்களோடு இருந்தவன் சொல்கிறேன், முதலில் ஆட்டத்தைத் தேடுங்கள்.

சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். வீட்டில் யாரையாவது உட்காரவைத்து ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் சிறிதாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் கையை வையுங்கள். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் டிராக் லிங்க்கின் முனைகள், சக்கரங்களைத் திருப்பும் டை ராட் முனைகள், எல்லாவற்றுக்கும் மேலாக இவற்றை நடுவில் இணைக்கும் பெல் கிராங்க். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும்.

கிங் பின் பேரிங்குக்கு ஷிம், அதாவது மெல்லிய தகடு, எப்படிப் போட்டீர்கள்? பழைய ஷிம்மை அப்படியே திரும்பப் போட்டிருந்தால் அது புது பேரிங்குக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஷிம்மை எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். மேலும் கீழும் சமமாக வைக்க வேண்டும். டை ராடைக் கழற்றிவிட்டு, ஆக்சில் முனை உருண்டையின் ஆயில் சீல் இல்லாத நிலையில், சக்கரத்தோடு திரும்பும் நக்கிளின் ஆர்மில் உள்ள டை ராட் துளையில் தராசுக் கொக்கியை மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். கையேட்டில் இருக்கும் இழுப்பு அளவு வர வேண்டும். மீன் வியாபாரிக்குத் தொங்கு தராசுக்குப் பஞ்சமா?

மண்டபத்துப் பிக்கப்:

தராசு வைத்துப் பார்த்தேன் ஐயா. வலது பக்கம் கொக்கி மாட்டியதுமே நக்கிள் ஓடி வந்தது, இழுப்பே இல்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று ஷிம் எடுத்ததும் கையேட்டு அளவுக்கு வந்துவிட்டது. பெல் கிராங்கில் ஆட்டம் கையில் நன்றாகத் தெரிந்தது, புதிய பின்னும் பேரிங்கும் போட்டுவிட்டேன். முன் சக்கரங்கள் முன்பக்கம் உட்புறமாகக் குவியும் டோ-இன்னையும் சரிபார்த்தேன், 2 மில்லிமீட்டர்.

ஆட்டம் போய்விட்டது. நடுக்கம் குறைந்திருக்கிறது, போகவில்லை. ஸ்டியரிங் இன்னும் தானாகத் திரும்பி வரவில்லை.

சாயல்குடி கரி:

நான் கரி லோடு ஏற்றும் லாரிக்காரன், ஜீப் தெரியாது. ஆனால் ஸ்டியரிங் திரும்பி வரவில்லை என்றால் எங்கள் பக்கம் முதலில் கிங் பின் சாய்வை, அதாவது காஸ்டரைத்தான் பார்ப்பார்கள். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்புத் தகடு ஏதாவது இருக்கிறதா?

மண்டபத்துப் பிக்கப்:

இருக்கிறது அண்ணே. வளைவு ஏற்றிக் கொடுத்த பட்டறையிலேயே 2 பாகை ஆப்பு ஒரு ஜோடி கொடுத்தார்கள். தடித்த பக்கம் பின்னால் பார்க்க வைக்கச் சொன்னார்கள், அப்படியே வைத்தேன்.

பழைய இரும்பு:

அங்கேதான் இருக்கிறது தம்பி.

மீன் சந்தைத் தள்ளுவண்டியின் சுழல் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் தன் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வரும் வரை நேராக ஓடும். அதையே முன்னால் வைத்துத் தள்ளினால் படபடவென்று ஆடித் திரும்பப் பார்க்கும். காஸ்டர் என்பது அதுதான். கிங் பின்னின் மேல் முனை பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், உங்கள் வண்டிக்கு 3 பாகை.

லாரியில் ஆக்சில் கீழே, பட்டை மேலே. அங்கே தடித்த பக்கத்தைப் பின்னால் வைத்தால் கிங் பின் பின்பக்கம் சாயும், பட்டறைக்காரர் சொன்னது லாரிக்குச் சரி. உங்கள் ஜீப்பில் பட்டை கீழே தொங்குகிறது, ஆக்சில் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதே ஆப்பு அங்கே நேர்மாறாக வேலை செய்யும். தடித்த பக்கம் முன்னால் பார்க்க வேண்டும். யு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். என் வார்த்தையை நம்பிக் கழற்ற வேண்டாம்.

மண்டபத்துப் பிக்கப்:

அளந்தேன். கருவாடு காயவைக்கும் சிமெண்ட் தளத்தில் வண்டியை நிறுத்தி, கொத்தனார் தண்ணீர் டியூப் வைத்து நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். சக்கரங்களை நேராக வைத்து, மேல் கிங் பின் மூடியின் தட்டையான முகத்தில் கோண அளவியை முன்பின்னாக வைத்தேன். இரண்டு பக்கமும் 1 பாகை முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது! 2 பாகை ஆப்பு திரும்பினால் 4 பாகை வித்தியாசம். கணக்குப் போட்டால் சரியாக 3-க்கு வருகிறது. இன்று இரவே கழற்றுகிறேன்.

கீழக்கரை லேத்:

பொறுங்கள். கழற்றும்போது, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலையையும் பாருங்கள். ஆப்பு நடுவில் வந்ததால் அந்தத் தலை ஆக்சில் தட்டின் குழிக்குள் எவ்வளவு இறங்குகிறது? நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் நகர்ந்துவிடும். தலை உயரமான போல்ட் வேண்டும், இல்லையென்றால் என்னிடம் வாருங்கள், கடைந்து தருகிறேன். கழற்றிய யு போல்ட்டைத் திரும்பப் போட வேண்டாம்.

பட்டையின் பின்முனையில் ரப்பர் புஷ் போட்டிருந்தால் அதன் போல்ட்டை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்காதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் பட்டையில் விழுந்த பிறகு இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும்.

மண்டபத்துப் பிக்கப்:

சென்டர் போல்ட் நுனிதான் தொட்டுக்கொண்டிருந்தது, அண்ணன் சொன்னது அப்படியே. கீழக்கரைக்குப் போய்ப் போல்ட் கடைந்து வாங்கி வந்து, ஆப்பைத் திருப்பி வைத்து, புது யு போல்ட் போட்டேன். இப்போது அளவு இடது 3, வலது இரண்டரை.

இன்று காலை பாலத்தில் காற்று அதிகம் இல்லை. முதலில் 30-ல் போனேன், பிறகு 45, திரும்பி வரும்போது 55. அதே இணைப்பில் வேண்டுமென்றே தட்டினேன். ஒரு குலுக்கல், அவ்வளவுதான். பாம்பன் திருப்பத்தில் ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் தானாகவே நேராக வருகிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், "மணலில் ஓடும்போது இப்படித்தான் இருந்தது" என்றார்.

வளைவு ஏற்றிய பட்டையால் வண்டியின் மூக்கு மட்டும் சற்று உயரமாகத்தான் நிற்கிறது.

பழைய இரும்பு:

மீன் பெட்டி ஏற்றி ஒரு மாதம் ஓடட்டும், பட்டை கொஞ்சம் படியும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடியும் இறுக்கிப் பாருங்கள். படிந்த பிறகு காஸ்டரையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

கீழக்கரை லேத்:

தம்பி, அந்தக் கேஸில் வெட்டிய பழைய புஷ் துண்டுகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டீர்களா? இடது மரைத் துண்டு இருந்தால் எனக்கு வேண்டும். இந்த மரைக்கு மாதிரி கேட்டு யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள்.

மண்டபத்துப் பிக்கப்:

டப்பாவில் கிடக்கிறது அண்ணே. பாதி உருகியிருந்தாலும் உள்ளே நான்கைந்து மரை நன்றாக இருக்கிறது. துடைத்துக் கிரீஸ் தடவிச் செய்தித்தாளில் சுற்றி வைத்துவிட்டேன், திங்கட்கிழமை கொண்டுவருகிறேன்.