டபுள் கோட் பெரிய நாய், பிரஷ் வேலைக்கு ஆகவில்லை. எது வாங்குவது? அவசரம்

கறுப்புக்கரடி · இரவு 11:47
வணக்கம். பெரிய நாய், டபுள் கோட், அதாவது மேலே நீள முடி, அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு. வீடெல்லாம் முடி. இருக்கிற பிரஷ்ஷைத் தினமும் அரை மணி நேரம் போடுகிறேன், பிரஷ்ஷில் நாலு முடி வருகிறது, தரையில் மட்டும் பந்து பந்தாக உருளுகிறது. ரேக் (நீளப் பல் வாருகோல்) வாங்கு, ஸ்லிக்கர் (நெருக்கமான மெல்லிய கம்பி பிரஷ்) வாங்கு, டிரையர் வாங்கு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரே ஒரு சாமான்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? நாளைக்கே ஆர்டர் போடணும். நன்றி.

மூக்குநனை · இரவு 11:58
என்ன இனம்?

ராத்திரிக்காவல் · இரவு 12:04
ஹஸ்கிதானே? ரேக் போதும். இரண்டு வரிசைப் பல் வைத்தது. என் பையன் ரேக்கைக் கையில் எடுத்தாலே வந்து குப்புறப் படுத்துக்கொள்வான். கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

பழையகை · காலை 6:15
"பெரிய நாய்" என்று ஓர் இனம் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். இந்தக் கேள்வி வாரம் ஒருமுறை வருகிறது, பழைய இழைகளை ஒரு தடவை மேய்ந்துவிட்டு வந்திருக்கலாம். இனம், வயது, முடி நீளம், கையில் இருக்கும் பிரஷ் எது, கடைசியாக எப்போது குளிப்பாட்டினீர்கள், எங்காவது சடை பிடித்திருக்கிறதா. இதெல்லாம் தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது ஜோசியம்.

ராத்திரிக்காவல் · காலை 6:31
நான் சொன்னது ஜோசியம் இல்லை சார், ஏழு வருட அனுபவம்.

பழையகை · காலை 6:33
ஹஸ்கி என்று அவர் எங்கே சொன்னார்?

மொட்டைமாடி · காலை 7:40
இதற்கு இவ்வளவு யோசனையா? ஒரு கிளிப்பர், பத்தாம் நம்பர் பிளேடு, மொட்டை. முடிந்தது கதை. வெயில் காலத்தில் அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு திரிவது அதற்கு மட்டும் என்ன சுகம்? எங்கள் வீட்டில் வருடா வருடம் அடிக்கிறோம்.

சீப்புக்காரி · காலை 8:20
மொட்டைமாடி, பத்தாம் நம்பர் பிளேடு விடுவது ஒன்றரை மில்லிமீட்டர். டபுள் கோட் நாய்க்கு அதைப் போட்டால் உள்ரோமம் சீக்கிரம் வளர்ந்துவிடும், மேலே இருக்கும் நீளமான முரட்டு ரோமம் மெதுவாகத்தான் வரும். சில நாய்களுக்கு மாதக்கணக்கில் வராது. அப்படி ஒரு நாய் என் மேசைக்கு வந்திருக்கிறது. ஒன்றரை வருடம் கழித்தும் முதுகில் திட்டுத் திட்டாகப் பஞ்சுதான் இருந்தது. பஞ்சு ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும், சிக்கும் விழும். மொட்டை அடித்துவிட்டு அப்புறம் இன்னும் அதிகமாக முடி கொட்டுகிறது என்று அழுகிறார்கள்.

கேள்வி கேட்டவர் வந்து பழையகை கேட்டதற்குப் பதில் சொல்லட்டும். அவர் தொனியை விடுங்கள், கேட்டது எல்லாம் சரியான கேள்வி.

கறுப்புக்கரடி · காலை 8:52
மன்னிக்கணும், ராத்திரி தூக்கத்தில் எழுதியது. நியூஃபவுண்ட்லாந்து. பெண், நாலு வயசு, 52 கிலோ. போன வருடம் கருத்தடை ஆச்சு. பிரஷ், நுனியில் உருண்டை வைத்த கம்பிப் பல் உள்ளது. ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டினோம், துண்டால் துவட்டி ஃபேன் அடியில் விட்டோம். சடை எதுவும் இல்லை, மேலே தடவினால் வழவழவென்றுதான் இருக்கிறது. காதுக்குப் பின்னால் மட்டும் தொடவே விடமாட்டாள், அது அவள் சுபாவம். ஆபீஸ் கிளம்புகிறேன், ராத்திரி பார்க்கிறேன்.

ராத்திரிக்காவல் · காலை 9:05
நியூஃபவுண்ட்லாந்தா! அப்படியென்றால் ரேக் கட்டாயம்.

சீப்புக்காரி · காலை 9:40
ராத்திரிக்காவல், உங்களுக்கு எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி.

கறுப்புக்கரடி, "மேலே வழவழ" என்பதுதான் எனக்கு உதைக்கிறது. உருண்டை நுனிப் பிரஷ் மேல்ரோமத்தைத் தடவிக் கொடுக்கும், அவ்வளவுதான். இத்தனை அடர்த்தியான உள்ரோமத்துக்குள் அது இறங்குவதே இல்லை. தினமும் அரை மணி நேரம் நீங்கள் நாயின் கூரையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. வீட்டில் இரும்புச் சீப்பு இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் அதுதான் உங்கள் முதல் சாமான். ஒரு பாதி அகலப் பல், மறு பாதி நெருக்கப் பல் உள்ளது. பின்தொடையில் பாவாடை மாதிரித் தொங்கும் முடியை இடது கையால் மேலே தூக்கிப் பிடியுங்கள். கீழே தோல் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். அங்கே அகலப் பல்லைத் தோலோடு வைத்து, முடி நுனி வரைக்கும் மெதுவாக இழுங்கள். நிற்காமல் வந்தால் சிக்கு இல்லை. அரை அங்குலத்திலேயே நின்றால், அல்லது தோல் கோடே தெரியாமல் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி மாதிரி ஒன்று தெரிந்தால், உதிர்ந்த முடி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே அடைந்து கிடக்கிறது என்று அர்த்தம். அக்குள், காதுக்குப் பின்னால், காலர் உட்காரும் இடம், வாலின் அடி இதையெல்லாம் இதே மாதிரிப் பாருங்கள்.

அடுத்தது நீளக் கம்பி ஸ்லிக்கர். குட்டி நாய்க்கு விற்கும் அரை அங்குலக் கம்பி உங்களுக்கு உதவாது. அடியிலிருந்து ஆரம்பித்து, முடியைத் தூக்கிப் பிடித்து, ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கீழே விட்டு வாருங்கள். அது முடிந்தால் அடுத்த விரல் அகலம். மேலிருந்து கீழே வாரினால் நாள் முழுக்க வாரலாம், பலன் இருக்காது. அழுத்தம் தெரியவில்லை என்றால் ஸ்லிக்கரை உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் நாலு தடவை இழுத்துப் பாருங்கள். உங்களுக்கு எரிந்தால் அவளுக்கும் எரியும்.

ரேக் மூன்றாவதுதான். சடைமேல் ரேக்கை மாட்டி இழுத்தால் தோலோடு வரும். அதற்கப்புறம் அந்த நாய் ரேக்கைப் பார்த்தாலே கட்டிலுக்கடியில். ரேக்கின் பல், முடியின் ஆழத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், நுனி மழுங்கி இருக்க வேண்டும்.

மூக்குநனை · காலை 10:12
உதிரும் முடியை எடுக்கும் பிளேடு வைத்த டீஷெட்டிங் சீப்பு வேண்டாமா? வீடியோவில் ஒரு இழுப்புக்கு ஒரு கூடை வருகிறதே.

சீப்புக்காரி · காலை 10:30
வரும். அந்தக் கூடையில் நல்ல மேல்ரோமமும் வெட்டுப்பட்டுக் கிடக்கும். குட்டை முடி நாய்க்கு அளவோடு போடலாம். நீள முடிக்கு நான் கையில் எடுப்பதில்லை.

வாட்டுக்கணக்கு · காலை 11:20
டிரையரைப் பற்றி யாரும் பேசவில்லை. கருத்தடைக்குப் பிறகு சில நீளமுடி இனங்களில் உள்ரோமம் அதிகமாகும், இந்த நாய்க்கும் அப்படி ஆகியிருக்கலாம், டிரையர் இருந்தால் நல்லது. மனிதர்கள் தலைக்குப் போடும் டிரையர் யானைப் பசிக்குச் சோளப்பொரி. அது சூட்டால் காய வைக்கிறது. நாய்க்கான ஹை வெலாசிட்டி டிரையர் தண்ணீரைக் காற்றால் அடித்து வெளியே தள்ளுகிறது. பல மாடல்களில் ஹீட்டரே கிடையாது, மோட்டார் சூட்டில் காற்று வெதுவெதுப்பாக வரும். கூடவே உதிர்ந்த உள்ரோமமும் பறக்கும். வீட்டுக்குள் போடாதீர்கள்.

ராத்திரிக்காவல் · காலை 11:34
எட்டு ஹெச்பி (குதிரைத்திறன்) டிரையர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நாலு ஹெச்பியை விட விலையும் குறைவு. இதைவிட என்ன வேண்டும்?

வாட்டுக்கணக்கு · காலை 11:51
ஒரு ஹெச்பி என்பது 746 வாட். எட்டு என்றால் கிட்டத்தட்ட 6000 வாட். வீட்டுச் சுவரில் சொருகும் சாதாரண பிளக்கில் அது வராது. பெட்டியில் போட்டிருக்கும் எண் அலங்காரம். அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் வாட் எவ்வளவு என்று பாருங்கள், அதைவிடக் காற்றின் வேகத்தைப் பாருங்கள். ஃபில்டரைக் கழற்றிக் கழுவ முடியுமா என்றும் பாருங்கள். அது அடைத்தால் மோட்டார் சூடாகி நாய்மேல் சுடுகாற்று வரும்.

ராத்திரிக்காவல் · காலை 11:58
நூற்றுக்கணக்கான பேர் வாங்கி நல்லா இருக்கு என்று எழுதியிருக்கிறார்களே, அவர்கள் எல்லாரும் பொய்யா?

வாட்டுக்கணக்கு · பகல் 12:03
நல்லா இருக்கலாம். எட்டு ஹெச்பி இருக்காது.

மொட்டைமாடி · பகல் 12:15
ஒரு நாய்க்கு நாலு சாமான், அதற்கு ஒரு எலக்ட்ரிகல் வகுப்பு. நான் சொன்னதில் ஒரே சாமான். அவர் கேட்டதும் ஒரே சாமான்.

சீப்புக்காரி · பகல் 12:40
வெயிலுக்காக என்றால் கேளுங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வியர்ப்பது பாதத்தில்தான், மீதிச் சூட்டை நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் வெளியேற்றும். உதிர்ந்ததை எடுத்துவிட்டால் ரோமத்துக்குள் காற்று ஓடும், மேல்ரோமம் வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கும். மொட்டை அடித்த முதுகு வெயிலில் புண்ணாகும்.

மொட்டைமாடி · பகல் 12:52
என் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

சீப்புக்காரி · பகல் 12:55
என்ன இனம்?

மொட்டைமாடி · பகல் 1:10
லேப்ரடார். ஆனால் கலப்பு.

மூக்குநனை · பகல் 1:14
லேபுக்கு மொட்டையா? அதில் எடுக்க என்ன இருக்கிறது?

மொட்டைமாடி · பகல் 1:20
கலப்பு என்று சொன்னேனே. அடர்த்தியான கலப்பு.

பழையகை · மாலை 4:05
எல்லாரும் மொட்டையிலும் மோட்டாரிலும் இருக்கிறீர்கள். அவர் எழுதியதை யாராவது முழுசாகப் படித்தீர்களா? "காதுக்குப் பின்னால் தொடவே விடமாட்டாள், அது அவள் சுபாவம்." நாலு வயது நியூஃபவுண்ட்லாந்து பொதுவாகப் பசு மாதிரி. அது ஓர் இடத்தை மட்டும் தொட விடவில்லை என்றால் அங்கே வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குளியல், துண்டு, ஃபேன். சடையோடு குளிப்பாட்டினால் சடை இன்னும் இறுகும், உள்ளே போன தண்ணீர் நாள் கணக்கில் காயாது. இந்த இனத்தின் ரோமம் தண்ணீரை உள்ளே விடாத எண்ணெய் ரோமம். போன தண்ணீர் வெளியே வருவதும் அதே கஷ்டம்தான்.

கறுப்புக்கரடி, எந்தச் சாமானும் ஆர்டர் போடுவதற்கு முன் டார்ச் அடித்து அங்கே பாருங்கள். முடி பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா, நாற்றம் வருகிறதா, அடியில் தோல் சிவந்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் டாக்டர். கத்தரிக்கோலை மட்டும் எடுக்காதீர்கள். சடை தோலை மேலே இழுத்து வைத்திருக்கும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டுவீர்கள்.

சீப்புக்காரி · மாலை 4:22
அந்த வரி என் கண்ணில் படவே இல்லை. பழையகை சொல்வதுதான் முதலில்.

கறுப்புக்கரடி · இரவு 10:31
பின்தொடையில் சீப்பு சோதனை செய்தேன். பல் உள்ளே போனது, வெளியே வரவில்லை. தோலே தெரியவில்லை, கம்பளிதான் தெரிந்தது. காதுக்குப் பின்னால் பிசுபிசு, புளித்த வாடை. இத்தனை நாள் அது அவள் எச்சில் வாடை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காலையில் டாக்டரிடம்.

பழையகை · இரவு 10:40
நல்லது. ராத்திரி சொறிய விடாதீர்கள். மஞ்சள், மனிதர் பூசும் க்ரீம் எதுவும் வைக்காதீர்கள், நக்கிவிடும்.

வாட்டுக்கணக்கு · இரவு 11:02
ஒன்று சொல்ல மறந்தேன். டிரையர் வாங்கினால் முகத்திலும் காதிலும் அடிக்காதீர்கள். 90 டெசிபலைத் தாண்டுபவை நிறைய இருக்கின்றன, தலையில் ஒரு இறுக்கத் துணிப்பட்டை போட்டுவிடுங்கள். முதல் நாள் பக்கத்து அறையில் ஓட விட்டு, அவள் பழகிய பிறகு பின்னங்காலிலிருந்து ஆரம்பியுங்கள். நீள முடியில் காற்று முனையை ரொம்பக் கிட்டே பிடித்தால் நுனியில் முடிச்சு விழும்.

மூக்குநனை · மறுநாள் மாலை 6:20
என்ன ஆச்சு?

மூக்குநனை · இரண்டு நாள் கழித்து, காலை 9:00
கறுப்புக்கரடி?

கறுப்புக்கரடி · ஐந்து நாள் கழித்து, இரவு 11:15
சுருக்கமாகச் சொல்கிறேன். சடைக்கு அடியில் ஈரப் புண். டாக்டர் கையகலத்துக்கு மழித்துச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார், ஆறிக்கொண்டு வருகிறது. சீப்பும் நீளக் கம்பி ஸ்லிக்கரும் வந்துவிட்டன. டிரையர் அடுத்த மாதம். மூன்று ராத்திரி உட்கார்ந்து இடது பின்தொடையும் இடது விலாவும் முடித்திருக்கிறேன், ஒரு தலையணை உறை நிறைந்துவிட்டது. வலது பக்கம் இன்னும் தொடவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் ஒல்லியாக நடக்கிறாள். எல்லாருக்கும் நன்றி.

மொட்டைமாடி · இரவு 11:21
கடைசியில் டாக்டரே மழித்துத்தான் விட்டார், பார்த்தீர்களா.

சீப்புக்காரி · இரவு 11:24
கையகலம்.

பழையகை · இரவு 11:30
குளிப்பாட்டுவது இரண்டு பக்கமும் முடிந்த பிறகு.

ராத்திரிக்காவல் · மூன்று வாரம் கழித்து, இரவு 12:10
வலது பக்கம் ஆச்சா? ரேக் வாங்கினீர்களா?